பரணில் சிந்திய பட்டாசு மருந்து: துடைப்பமா, ஈரத்துணியா, வேக்குவம் கிளீனரா?

தீபாவளி முடிந்த வாரத்தைவிட, வாடகை வீடு மாற்றுகிற ஏப்ரல், மே மாதங்களில்தான் இந்தக் கேள்வி என்னிடம் அதிகம் வருகிறது. பெங்களூரில் பள்ளி விடுமுறை விட்டதும் பாதித் தமிழ்க் குடும்பங்கள் வீடு மாறுகின்றன. பரணிலிருந்து சாமான்கள் இறங்கும். அவற்றோடு ஓசூர் சாலையில் மலிவாகக் கிடைத்ததென்று மூட்டையாக வாங்கி வந்து, மழையில் கொளுத்த முடியாமல் எடுத்து வைத்த பட்டாசுப் பெட்டியும் இறங்கும். அதன் அடி அட்டை இற்றுப்போயிருக்கும்.

போன மே மாதம் ராமமூர்த்தி நகரிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "பூச்சட்டி நாலைந்து உடைந்து மருந்து தரையெல்லாம் கொட்டிவிட்டது தம்பி. வேக்குவம் கிளீனர் போடலாம் என்கிறான் மகன். ஈரத்துணி வேண்டாம், மருந்து ஊறிக்கொள்ளும் என்கிறார் இவர். கூட்டி அள்ளி மாடியில் வைத்துக் கொளுத்திவிடலாமாம். எதைச் செய்ய?" பின்னால் பிளக் பாயிண்டில் எதையோ செருகும் ஓசை கேட்டது. அதை முதலில் கழற்றி வைக்கச் சொன்னேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு பேசினோம்.

என் அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து அறையில் வேலை பார்த்தவர். நான் பீன்யாவில் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். அவர் கையால் கற்றதையும் நான் படித்து அறிந்ததையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். வீட்டில் மருந்து சிந்தினால் நம் முன் நான்கு வழிகள் தெரிகின்றன: உறிஞ்சுவது, கூட்டி அள்ளுவது, நனைத்துத் துடைப்பது, கொளுத்துவது. நான்கையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் பொறி. விபத்துச் செய்திகளில் "மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு" என்ற வரியைப் பல முறை படித்திருப்போம். உராய்வு மட்டுமல்ல, நிலைமின்சாரமும் போதும். கையில் எடுக்கும் கருவி இவ்விரண்டில் எதையாவது உண்டாக்குமா என்பது முதல் கேள்வி.

இரண்டாவது, தூசி. தரையில் குவியலாகக் கிடக்கும் மருந்தைவிடக் காற்றில் எழும்பிய நுண்தூள் மோசமானது. அது கண்ணிலும் மூச்சிலும் போகும். தீப்பிடித்தால் ஒரே நொடியில் முழுவதும் பற்றும்.

மூன்றாவதைப் பலரும் நினைப்பதே இல்லை: அந்த வழியில் மருந்து செத்துப்போகிறதா, இடம் மட்டும் மாறுகிறதா? தரையிலிருந்து குப்பைக்கூடைக்குப் போன மருந்து இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

நான்காவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. கடைசியில் அது யார் கையில் போய்ச் சேரும்? காலையில் விசிலடித்துக்கொண்டு வருகிற குப்பை ஆட்டோவில் நிற்கும் பௌரகார்மிகர், அதாவது துப்புரவுத் தொழிலாளி, நம் பையை வெறுங்கையால் பிரிக்கிறார். அந்தக் குப்பை பிறகு அமுக்கும் லாரிக்குள் போகிறது. நசுக்குவதும் உரசுவதும்தான் அந்த லாரியின் வேலை. வீட்டுத் தரை சுத்தமாகிவிட்டதென்று நாம் நிம்மதியடைந்த பிறகும் ஆபத்து தெருவில் பயணம் செய்துகொண்டிருக்கலாம்.

## கொட்டியது எந்த மருந்து

வழியைத் தேர்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாக் கறுப்புத் தூளும் ஒன்றல்ல.

கருமருந்து என்பது வெடியுப்பு, அடுப்புக்கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. பழைய வாய்பாட்டில் 75, 15, 10 என்ற விகிதம். கருந்திரியில் இருப்பது இதுதான். இதில் உயிர்நாடி வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். அது நீரில் நன்றாகக் கரையும். நூறு மில்லி நீரில் 20 டிகிரி வெப்பத்தில் முப்பது கிராமுக்கு மேல் கரைந்துவிடும். ஆகவே தண்ணீர் இதற்குச் சரியான எதிரி.

பூச்சட்டியிலும் வெடியிலும் அலுமினியப் பொடி சேர்கிறது. தரையில் கொட்டிக் கிடக்கும்போது வெளிச்சத்தில் வெள்ளி போலப் பளபளக்கும். விரலில் ஒட்டினால் சாம்பல் நிற மினுக்கம் லேசில் போகாது. இதோடு, எரிவதற்கு ஆக்சிஜன் தரும் உப்பான நைட்ரேட்டோ பெர்குளோரேட்டோ கலந்திருக்கும். பொட்டாசியம் பெர்குளோரேட் அறை வெப்பத்தில் நூறு மில்லி நீரில் ஏறக்குறைய இரண்டு கிராம் அளவுக்கே கரையும். ஒரு குவளைத் தண்ணீரைத் தெளித்தால் இந்த மருந்து சாகாது, சேறாகத்தான் ஆகும்.

பழைய பெட்டிகளில் இன்னொன்றும் உண்டு. ஆலைகளில் பச்சை உப்பு என்று சொல்லப்படும் பேரியம் நைட்ரேட். இதைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உத்தரவிட்டது. 2021-இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்த பெட்டியானால் அது இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் போனால் நஞ்சு. தவழும் குழந்தையோ தரையை நக்கும் நாயோ உள்ள வீட்டில் இதுவே முதல் கவலையாக இருக்க வேண்டும்.

துப்பாக்கித் தோட்டாவில் உள்ள புகையில்லா மருந்து முற்றிலும் வேறு இனம். அதற்குக் கீழே தனியாக இடம் வைத்திருக்கிறேன்.

## வேக்குவம் கிளீனர்

இதன் கவர்ச்சி புரிகிறது. தூசி பறக்காது, குனிய வேண்டாம், டைல்ஸ் இடுக்கில் உள்ளதும் வந்துவிடும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். சாதாரண வேக்குவம் கிளீனர் மோட்டாரில் கார்பன் பிரஷ்கள் சுழலும் செம்பின்மேல் உரசிக்கொண்டே இருக்கின்றன. அங்கே ஓயாமல் சிறு பொறிகள் பறக்கின்றன. மருந்துத்தூள் பிளாஸ்டிக் குழாய் வழியாக வேகமாக ஓடும்போது குழாயில் நிலைமின்சாரம் ஏறுகிறது. போய்ச் சேரும் டப்பாவில் தூசியும் காற்றும் சரிவரக் கலந்த மேகம். பொறியும் எரிபொருளும் மூடிய இடமும் ஒரே கருவிக்குள் சேர்ந்துவிடுகின்றன.

நீரும் உறிஞ்சும் ரகம் தன்னிடம் இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். அதிலும் மோட்டார் அதே மோட்டார்தான். தானே ஊர்ந்து கூட்டும் ரோபோ இன்னும் மோசம்: பரண் இறக்குகிற நாளில் அது வழக்கமான நேரத்துக்குத் தானாகக் கிளம்பிவிடும். சிந்தியது தெரிந்தவுடன் அதை நிறுத்திவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. எதுவும் வெடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மருந்து வடிகட்டியின் மடிப்புகளில் தங்கிவிடும். அடுத்த மாதம் வேறு எதையோ உறிஞ்சும்போது அது அங்கேயே இருக்கும். அதன் பிறகு அந்தக் கருவியை நான் நம்ப மாட்டேன்.

இந்த வழி சரியாக அமையும் சூழ்நிலை ஏதாவது உண்டா என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். வீட்டில் இல்லை.

## துடைப்பமும் அட்டையும்

அப்பா வீட்டில் மாவு சிந்தினாலும் ஒரே மாதிரிதான் கூட்டுவார். துடைப்பத்தை அழுத்த மாட்டார். நுனி மட்டும் தரையில் படும். தன் பக்கமாக இழுப்பார், வெளியே தள்ள மாட்டார். ஒவ்வோர் இழுப்பும் ஒரு சாண் தூரம்தான். மருந்து அறையில் பழகிய கை அது. அந்த அறையின் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பருத்திச் சட்டை, வெறுங்கால், இரும்புச் சாமான் கிடையாது. அன்றைய கலவையில் மிச்சத்தை மறுநாளுக்கு வைத்திருக்கக் கூடாது.

வீட்டில் அதே ஒழுங்கைக் கொண்டுவரலாம். நைலான் துடைப்பம் வேண்டாம். உரச உரச மின்னூட்டம் ஏறும். தென்னங்குச்சி விளக்குமாறு விறைப்பானது, தரையைக் கீறும். பூந்துடைப்பம் நல்லது. சிறிய அளவுக்கு, மிருதுவான இயற்கை முடி வைத்த பழைய பெயிண்ட் பிரஷ் அதைவிட நல்லது. பிளாஸ்டிக் முறத்துக்கும் தகர முறத்துக்கும் பதிலாகத் தடித்த அட்டை எடுங்கள். வீட்டில் எப்போதும் கிடைக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டையே போதும். அதை மடித்தால் நல்ல கரண்டியாகிவிடும், உரசினாலும் பொறி வராது, வேலை முடிந்ததும் அதையும் மருந்தோடு தண்ணீருக்குள் போட்டுவிடலாம்.

உடுப்பைப் பற்றி ஒரு சொல். பாலியெஸ்டர் நைட்டியோ செயற்கை இழைப் புடவையோ உடுத்திக்கொண்டு இந்த வேலையில் இறங்க வேண்டாம். பருத்திக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு நில்லுங்கள். தொடங்கும் முன் சுவரில் பதித்த ஜன்னல் கிரில்லை ஒருமுறை தொட்டுவிடுங்கள். குழாயைத் தொட்டால் போதாதா என்று கேட்பார்கள். இப்போது கட்டும் வீடுகளில் குழாய் பிளாஸ்டிக். அதன் வழியே மின்னூட்டம் மண்ணுக்கு இறங்காது. மாசி, பங்குனி மாதங்களில் பெங்களூர்க் காற்று எவ்வளவு வறண்டுபோகும் என்பது தலை வாரும்போது தெரியும், சீப்போடு முடி எழுந்து வரும். அந்த மாதங்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

இதன் குறை என்னவென்றால், நுண்தூள் முழுதாக வராது. டைல்ஸ் இடுக்கில் சாம்பல் கோடாகத் தங்கிவிடும். கைப்பழக்கம் இல்லாதவர் கூட்டினால் தூசியும் எழும். எல்லாவற்றுக்கும் மேலாக, அள்ளிய மருந்து உயிரோடேயே இருக்கிறது. கூட்டியதோடு வேலை முடிந்துவிட்டதென்று குப்பைக்கூடையில் போட்டால் நான்காவது அளவுகோலில் இந்த வழி தோற்றுவிடுகிறது.

நனைக்க முடியாத இடத்தில் இதுதான் முதல் தேர்வு. மரத்தரை, கம்பளம், புத்தக அலமாரி, பிளக் பாயிண்டுக்கு அருகே கிடக்கும் மின்கம்பி, இவையெல்லாம் அப்படிப்பட்டவை.

## ஈரத்துணி

பொறி, தூசி இரண்டையும் ஒரே நேரத்தில் அடக்குவது ஈரம். நம் வீடுகளில் பெரும்பாலும் டைல்ஸ் அல்லது கிரானைட் தரை என்பதால் பெங்களூர் வாசகர் பத்தில் எட்டுப் பேருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் நிபந்தனைகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டால் ஈரமே கேடாகிவிடும்.

முதல் நிபந்தனை, அரைகுறை ஈரம் கூடாது. அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவை லேசாக ஈரமாகி, குவியலாக, காற்றோட்டமில்லாமல் கிடந்தால் உள்ளுக்குள் மெல்ல வினை நடந்து சூடேறும். அமோனியா நெடி வரலாம். மிச்சக் கலவையை மறுநாளுக்கு வைக்கக் கூடாது என்ற ஆலை விதியின் பின்னால் இந்த அச்சமும் இருக்கிறது. மழைக்காலத்தில் ஒழுகும் பரணில் வைத்த பட்டாசை "நமத்துப்போய்விட்டது, இனி ஒன்றும் ஆகாது" என்று அலட்சியமாகக் கையாள்பவர்களை நினைத்து நான் கவலைப்படுவதும் இதனால்தான். ஆகவே தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பெரிய பூச்சட்டியிலிருந்து 200 கிராம் மருந்து கொட்டியது என்று வைப்போம். அதில் 120 கிராம் பெர்குளோரேட் இருந்தால் அது முழுதாகக் கரைய ஆறு லிட்டர் நீர் வேண்டும். ஒரு சொம்பு எந்த மூலைக்கு? பதினைந்து லிட்டர் வாளி எடுத்தால் இடம் விட்டு இருக்கும்.

இரண்டாவது நிபந்தனை, தண்ணீரை மேலிருந்து ஊற்றக் கூடாது. ஊற்றினால் தூள் மிதந்து கட்டிலுக்கடியிலும் சுவரோரத்திலும் போய் ஒளிந்துகொள்ளும். காய்ந்த பிறகு அங்கே மெல்லிய படலமாக இருக்கும். நன்றாக நனைந்த, சொட்டச் சொட்டப் பிழியாத பழைய வேட்டித்துணியைக் குவியலின்மேல் போர்த்துவது போலப் போட்டு, ஐந்து நிமிடம் விட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருட்டி எடுங்கள். தேய்க்காதீர்கள். துணியை அப்படியே வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். பிறகு வேறொரு துணியால் இரண்டு முறை துடையுங்கள். கடைசி முறை துணியில் சாம்பல் மினுக்கம் தெரியக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு அந்தத் துணிதான். வெடியுப்பு ஊறிய பருத்தித் துணி காய்ந்தால் திரியாகிறது. துடைத்த துணியைப் பிழிந்து, வழக்கம்போல அடுப்பங்கரை ஜன்னல் கம்பியில் காயப்போடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் எரிவாயு அடுப்பு. அந்தத் துணியை மீட்டெடுக்க நினைக்க வேண்டாம். மாப் வைத்துத் துடைத்தாலும் இதே கதைதான். அதன் தலைப்பஞ்சு முழுவதும் உப்பை உறிஞ்சிக்கொள்ளும்.

## மாடியில் வைத்துக் கொளுத்துவது

ராமமூர்த்தி நகர் அம்மாவின் கணவர் சொன்ன வழி. மருந்து செத்துவிடும் என்பது உண்மை; மூன்றாவது, நான்காவது அளவுகோல்களில் இது முழு மதிப்பெண் பெறும். முதல் அளவுகோலிலேயே இது உயிருக்கு உலை வைக்கிறது. பட்டாசுக்குள் இருக்கும்போது மருந்துக்கு ஒரு திரி உண்டு, கொளுத்தியவர் ஓடுவதற்கு நேரம் உண்டு. கொட்டிய மருந்துக்குத் திரி இல்லை. குச்சியை நீட்டிய கைக்கும் குனிந்த முகத்துக்கும் எதிரே அது ஒரே மூச்சில் எழும். கலப்படமான மருந்து எப்படி எரியும் என்று கொட்டியவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் பெங்களூர் மிண்டோ கண் மருத்துவமனையில் கூடுதல் ஏற்பாடுகளோடு மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்டு வருபவர்களில் கொளுத்தாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் இருப்பார்கள்.

"கொஞ்சம்தானே" என்ற சொல்லை நான் பொறுத்துக்கொள்வதில்லை. நாம் பட்டாசு வாங்கப் போகிற அதே சாலையில், அத்திப்பள்ளியில், 2023 அக்டோபர் 7 அன்று ஒரு பட்டாசுக் கடையில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது தீப்பிடித்தது. 14-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீபாவளிக்கு முன் சில வாரங்கள் வேலை பார்த்துக் காசு சேர்க்கலாமென்று தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் அவர்களில் பலர். அங்கேயும் முதலில் பற்றியது கொஞ்சம்தான்.

## தோட்டா மேசையில் சிந்தினால்

வெளிநாட்டிலிருக்கும் உறவினருக்காக இதைக் கேட்பவர்களும் உண்டு. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. அமெரிக்காவில் துப்பாக்கி விளையாட்டுக்காரர்கள் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் புதிதாக மருந்து நிரப்பிக்கொள்வது சாதாரணம். அல்சூரில் இருக்கும் என் நண்பரின் தம்பி டெக்ஸாஸில் கராஜில் மேசை போட்டு இதைச் செய்கிறார். மருந்து அளக்கும் குழலைத் திறந்தபடி மறந்துவிட்டு, மேசையெல்லாம் கொட்டி, அண்ணனைக் கேட்டார். அண்ணன் என்னைக் கேட்டார்.

அங்கே கொட்டியது நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலான புகையில்லா மருந்து. நிலைமின்சாரத்தைக் குறைக்கவும் சீராக ஓடவும் மேலே கிராஃபைட் பூசியிருப்பதால் கறுப்பாக, வழவழப்பாக இருக்கும். சிறு தகடு, உருண்டை, குச்சி என மூன்று வடிவங்களில் வரும். இதில் நம் பட்டாசு மருந்துக்கு நேர்மாறான ஒரு குணம் உண்டு: நைட்ரோசெல்லுலோஸ் நீரில் கரையாது. நனைத்தால் அப்போதைக்கு எரியாமல் இருக்கும், காய்ந்ததும் பழையபடி எரியும். ஆகவே ஈரத்துணி அங்கே முதல் வழியாகாது. 1926-இல் தொடங்கப்பட்ட எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் அமைப்பின் அறிவுரையும் மென்மையான பிரஷ், முறம் என்பதுதான். வேக்குவம் கிளீனர் கூடாது என்கிறது. மேசைக்கடியில் கம்பளம் இருந்தால் மருந்தோடு சுடு மூடிகளும் அதில் விழுந்து கிடக்கும். மருந்துக்குத் தீ வைக்கும் அந்தச் சிறு மூடி அடி பட்டாலே வெடிக்கும். முதலில் அவற்றைக் கையால் பொறுக்கிவிட்டுத்தான் பிரஷை எடுக்க வேண்டும்.

கூட்டிய மருந்தைத் திரும்ப டப்பாவில் கொட்டலாமா என்று அந்தத் தம்பி கேட்டார். விலையேறிய சரக்கு, மனசு வராதுதான். கூடவே கூடாது. மேசையில் ஏற்கெனவே சிந்திக் கிடந்த வேறு ரக மருந்து ஒரு சிட்டிகை கலந்திருந்தால் போதும், அளவு மாறிய அழுத்தத்தில் துப்பாக்கியே சிதறலாம். தூக்கி எறிவதால் ஆகும் இழப்புதான் அங்கே மிகக் குறைந்த செலவு.

## தரையைப் பார்த்து முடிவு செய்ய

| இடம் | முதலில் | பிறகு | கவனிக்க |
|---|---|---|---|
| டைல்ஸ், கிரானைட் | நனைந்த துணி போர்த்திச் சுருட்டுவது | இரண்டு முறை துடைப்பது | இடுக்குகளில் தங்கும் சாம்பல் கோடு |
| மரத்தரை, அலமாரி | பிரஷும் அட்டையும் | பிழிந்த ஈரத்துணி ஒருமுறை | பலகை இடைவெளி |
| கம்பளம், ஜமுக்காளம் | மேலாக உள்ளதைப் பிரஷால் அள்ளுவது | விரிப்பை உதறாமல் மடித்து நீரில் ஊறவைப்பது | உதறினால் எழும் தூசி |
| பிளக் பாயிண்ட் அருகே | மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிரஷ் | உலர்ந்த பருத்தித் துணி | தண்ணீர் கூடவே கூடாது |
| திறந்த மொட்டை மாடி, சிமெண்ட் தரை | நனைந்த துணி | தாராளமாக நீர் | மழைநீர்க் குழாய் தொட்டிக்குப் போகிறதா என்பது |

கடைசி வரியை இந்த ஊருக்காகவே எழுதினேன். பெங்களூரில் பல வீடுகளில் மாடித் தண்ணீர் மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்கு இறங்குகிறது. பச்சை உப்பு கலந்த நீரை அதில் விட்டால் நாமே குடிப்போம்.

எந்த வழியானாலும் அதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. பூஜை அறை விளக்கையும் ஊதுபத்தியையும் அணையுங்கள். சமையலறையில் அடுப்பை நிறுத்துங்கள். மின்விசிறியை அணையுங்கள், ஸ்விட்ச் கொட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் தூசி அடங்கும்வரை பொறுங்கள். பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், வேறு அறைக்கு அல்ல. ஒரு வாளி தண்ணீரை நிரப்பிக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கொட்டியது ஒரு பெட்டி அளவு என்றாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, அமோனியா நெடி வந்தாலோ, கடையில் வாங்காமல் யாரோ வீட்டில் கலந்த மருந்து என்று தெரிந்தாலோ எதையும் தொடாதீர்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்து 101 அல்லது 112-ஐ அழையுங்கள். தீயணைப்புத் துறையினர் உங்களைக் கடிந்துகொள்வார்கள் என்று தயங்க வேண்டாம்.

## அள்ளிய பிறகு

இதற்குக் குறுக்குவழி இல்லை. அள்ளிய மருந்து, அட்டை, துணி, உடைந்த பூச்சட்டி எல்லாம் வாளித் தண்ணீருக்குள் ஓர் இரவு முழுவதும் மூழ்கிக் கிடக்க வேண்டும். வாளியை வீட்டுக்குள் வைக்க வேண்டாம்; வெயில் படாத பால்கனி மூலை போதும், ஆனால் நாயும் பிள்ளையும் நெருங்கக் கூடாது. மூடி போட்டு இறுக்க வேண்டாம். உலோகப் பொடி நீரோடு சேர்ந்து வாயு வெளிவரலாம். அது போக வழி வேண்டும்.

மறுநாள் மேல்நீரைக் கழிவறையில் ஊற்றி இரண்டு முறை ஃபிளஷ் செய்யுங்கள். சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. செடிக்கும் ஊற்றக் கூடாது. நைட்ரேட் உரம்தானே என்று ஒருவர் துளசிக்கு ஊற்றியதாகச் சொன்னார். உரத்தோடு பேரியமும் அங்கே போயிருக்கும். அடியில் தங்கிய கறுப்புச் சேற்றையும் துணியையும் ஈரத்தோடேயே இரட்டைப் பையில் போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். காய விடக் கூடாது. அதன்மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, "பட்டாசு மருந்து" என்ற இரண்டு சொல்லைக் கன்னடத்தில் எழுதி ஒட்டுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதி வாங்கலாம். பையைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடாதீர்கள். குப்பை ஆட்டோ வரும்வரை நின்று, அந்தத் தொழிலாளியின் கையில் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள்.

ராமமூர்த்தி நகர் அம்மா மறுநாள் காலை மறுபடியும் அழைத்தார். பையை வாங்கிக்கொண்ட பெண், அதை மற்ற மூட்டைகளோடு எறியாமல் ஆட்டோவின் முன்பக்கம் தன் காலடியில் தனியாக வைத்துக்கொண்டாராம். வாளியைக் கழுவிவிட்டோம், இனி அதில் குளிக்கத் தண்ணீர் பிடிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் அம்மா, அது இனி வாசல் கழுவுவதற்கு மட்டும் இருக்கட்டும் என்றேன்.